எஃப்.எம். நிலைய நெட்வொர்க்கில் சாம்பிள் ரேட்டை ஒழுங்குபடுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னையின் சிறிய எஃப்.எம். நிலையங்களிலும் கல்லூரி வளாக வானொலிகளிலும் ஆடியோ நெட்வொர்க் போடும்போது, புதிதாக வருபவர்கள் தடுமாறுவது எப்போதும் ஒரே இடத்தில்தான். கேபிளைச் செருகுவார்கள், சத்தம் வந்துவிடும், வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். மறுநாள் எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை ‘டிக்’ என்று கேட்கும். அல்லது பாட்டு சுருதி ஏறி ஒலிக்கும். அல்லது டிரான்ஸ்மிட்டரில் மாடுலேஷன் (ஒலி, அலையின் அதிர்வெண்ணை அசைக்கும் அளவு) எல்லை மீறும். மூன்றும் வேறு வேறு கோளாறாகத் தோன்றினாலும் மூலம் ஒன்றுதான். எந்தக் கருவி எந்த சாம்பிள் ரேட்டில் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறது என்ற வீதத்தில்), யாருடைய க்ளாக்கை (அந்த அளவுகளுக்குத் தாளம் போடும் கடிகாரத்தை) நம்பி ஓடுகிறது என்பதை யாரும் முடிவு செய்யவில்லை.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதலில் க்ளாக், பிறகு ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்கள் கூடும் பெட்டி), பிறகு வெளியிலிருந்து வரும் ஒலி, கடைசியில் பிராசஸர் (டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தும் பெட்டி). பிராசஸரில் ஆரம்பிப்பவர்கள் அதன் ஒலியைச் சரிசெய்துகொண்டே இருப்பார்கள். கோளாறு அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பெரிய தாள், பென்சில். எல்லாக் கருவிகளின் பாஸ்வேர்டும் ஐ.பி. முகவரியும். மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை மெனுவில் மாற்றக்கூடியது) ஒன்று. யு.பி.எஸ். இணைப்பு. ஸ்பெக்ட்ரோகிராம் (நேரம் போகப்போக எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்ற படம்) காட்டும் ஏதாவது ஒரு ஆடியோ எடிட்டர். 48 கிலோஹெர்ட்ஸில் உருவாக்கிய 1000 ஹெர்ட்ஸ் டோன் ஃபைல், அதே டோன் 44.1 கிலோஹெர்ட்ஸில் இன்னொன்று. நீளமான தம்புரா ஒலிப்பதிவு ஒன்று.

தம்புரா எதற்கு என்று கேட்பார்கள். சினிமாப் பாட்டில் தாளத்துக்கு நடுவே ஒரு சாம்பிள் தவறினால் காதுக்குத் தெரியாது. தம்புராவின் இடைவிடாத ஓசையில் மிகச் சிறிய வெட்டும் உடனே தெரிந்துவிடும். விலையுயர்ந்த அளவுகருவி இல்லாத நிலையத்தில் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண ஸ்விட்ச் போதாதா என்பதும் வழக்கமான கேள்வி. ஒரு மேசையில் இரண்டு கருவியை வைத்துப் பழக அது போதும். ஒலிபரப்புக்குப் போதாது. காரணத்தை 5-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. ஒலி போகும் பாதையை வரையுங்கள்

மைக், போன், பாட்டை ஓட்டும் பிளேயவுட் கம்ப்யூட்டர், மிக்ஸர், பிராசஸர், டிரான்ஸ்மிட்டர், இணைய ஒலிபரப்புக்கான என்கோடர் என்று எல்லாவற்றையும் பெட்டியாக வரைந்து கோடு இழுங்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு விஷயம் எழுதுங்கள். ஒன்று, அதன் சாம்பிள் ரேட். இரண்டு, அதன் க்ளாக் எங்கிருந்து வருகிறது: சொந்தக் கிரிஸ்டலா (கருவிக்குள்ளேயே துடிப்பைத் தரும் பாகம்), நெட்வொர்க்கா, டிஜிட்டல் இன்புட்டா.

இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கருவியிலும் 48 என்று போட்டிருப்பதால் அவை ஒன்றாக ஓடுகின்றன என்று அர்த்தமில்லை. நம் வீட்டுக் கடிகாரமும் பக்கத்து வீட்டுக் கடிகாரமும் ஆறு மணி காட்டினாலும், ஒரு மாதம் கழித்து இரண்டும் ஒன்றாகக் காட்டாது அல்லவா, அதேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கிரிஸ்டல்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 10 பங்கு வித்தியாசம் இருக்கலாம், இது சாதாரணம். 48,000 சாம்பிளில் அது நொடிக்கு 0.48 சாம்பிள். வாங்கும் கருவியின் பஃபர் (வந்த ஒலியைக் கொஞ்ச நேரம் தேக்கும் இடம்) 5 மில்லி செகண்ட் என்றால் 240 சாம்பிள். 240-ஐ 0.48-ஆல் வகுத்தால் 500 நொடி, அதாவது 8 நிமிடம் 20 நொடி. அவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை பஃபர் காலியாகும் அல்லது வழியும். ஒரு ‘டிக்’ கேட்கும். ஆகவே சீரான இடைவெளியில் டிக் வந்தால் கேபிளை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அது க்ளாக் கோளாறு. தாறுமாறான இடைவெளியில் வந்தால் மட்டும் கேபிளையும் ஸ்விட்சையும் சந்தேகியுங்கள்.

3. வீட்டுக்குள் ஒரே வீதம்: 48 கிலோஹெர்ட்ஸ்

இதில் யோசிக்க அதிகம் இல்லை. வேறு வேறு நெட்வொர்க் ஆடியோ கருவிகள் சேர்ந்து ஓடுவதற்கான ஏ.இ.எஸ். 67 தரத்தில் எல்லாக் கருவியும் கட்டாயம் ஏற்க வேண்டிய வீதம் 48. லைவ்வயர் என்ற நெட்வொர்க் ஆடியோ முறை 48-இல்தான் ஓடும். டான்டே என்ற இன்னொரு முறையில் வேறு வீதங்கள் உண்டு. ஆனால் அதன் ஏ.இ.எஸ். 67 முறையை இயக்கினால் அதுவும் 48 மட்டுமே.

“சி.டி. 44.1, பாட்டெல்லாம் 44.1, அதையே வைத்துக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. ஃபைலை மாற்றுவது எளிது, கருவிகளை மாற்ற முடியாது. அதனால் ஃபைல்தான் இறங்கி வர வேண்டும். “96 இன்னும் நல்லதல்லவா?” என்பவர்களும் உண்டு. எஃப்.எம். ஸ்டீரியோவில் ஒலி 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. 19-இல் ஸ்டீரியோவை ரேடியோவுக்கு அறிவிக்கும் பைலட் டோன் உட்கார்ந்திருப்பதால் ஒலி 15-ஐத் தாண்ட இடமில்லை. 96-ஆல் உங்கள் நெட்வொர்க்குக்குச் சுமை இரட்டிப்பாகும், நேயருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

4. க்ளாக்: யார் தலைவர் என்று நீங்களே தீர்மானியுங்கள்

நெட்வொர்க் ஆடியோவில் க்ளாக்கைத் தூக்கிச் செல்வது பி.டி.பி. என்ற நெறிமுறை. கருவிகள் தங்களுக்குள் பேசி ஒரு லீடரைத் தேர்ந்தெடுக்கும்; மற்றவை அதன் பின்னால் ஓடும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் தேர்தல் நடக்கும். ஆனால் யார் ஜெயிப்பார் என்பது உங்கள் கையில் இருக்காது.

எப்போதும் அணைக்காத, யு.பி.எஸ்.ஸில் இருக்கும், யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாத கருவி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அது ரேக்கில் இருக்கும் மிக்ஸர் இன்ஜின். அதில் ‘ப்ரயாரிட்டி 1’ என்ற அமைப்பின் எண்ணைக் குறைத்து வையுங்கள். வழக்கமான மதிப்பு 128. குறைந்த எண்தான் ஜெயிக்கும். அடுத்த நிலையில் இன்னொரு கருவியை மாற்றாக வையுங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள். டான்டேயில் என்றால் ‘ப்ரிஃபர்டு லீடர்’ என்ற குறியை முதல் கருவியில் மட்டும் போடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு மார்கழியில், சபாக் கச்சேரி ஒன்றைப் பதிவு செய்யப் பயன்படும் ஸ்டேஜ் பாக்ஸை (மேடை மைக்குகளைச் செருகும் பெட்டியை) ஒரு நிலையத்துக்குக் கொண்டுவந்து பொருத்தியிருந்தார்கள். முந்தைய வேலையில் அதற்கு ‘ப்ரிஃபர்டு லீடர்’ போட்டிருந்தது யாருக்கும் தெரியாது. செருகியதும் சத்தமில்லாமல் அது தலைவராகிவிட்டது. மாலை ஐந்தரைக்கு அடுத்த கச்சேரிக்காக அதைப் பிடுங்கினார்கள். அந்த நொடியில் ஸ்டூடியோ முழுக்க ஒலி அறுந்தது, நேரடி நிகழ்ச்சியில் இருந்த தொகுப்பாளர் பாதி வாக்கியத்தில் மௌனமானார். அன்றிலிருந்து வெளியிலிருந்து வரும் எந்தப் பெட்டியையும் முதலில் தனி ஸ்விட்சில் வைத்து அதன் க்ளாக் அமைப்பைப் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை.

இன்னொரு கண்ணி: டான்டே தன் சொந்த முறையில் பி.டி.பி. பதிப்பு 1-ஐப் பயன்படுத்துகிறது, ஏ.இ.எஸ். 67 பதிப்பு 2-ஐ. இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது. ஏ.இ.எஸ். 67 முறை இயக்கப்பட்ட டான்டே கருவி ஒன்று நடுவில் இருந்து இரண்டையும் இணைக்க வேண்டும். அது இல்லாமல் இரண்டு வகையையும் ஒரே ஸ்விட்சில் வைத்தால் இரண்டு தலைவர்கள் உருவாவார்கள், திரையில் இரண்டும் ‘லாக்டு’ (க்ளாக்கைப் பிடித்துவிட்டேன்) என்றே காட்டும். ‘லாக்டு’ என்ற பச்சை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு கருவியிலும் எந்த லீடரின் அடையாள எண் தெரிகிறது என்று பார்த்து, எல்லாம் ஒன்றேதானா என்று தாளில் குறியுங்கள்.

5. ஸ்விட்ச்

க்ளாக் செய்திகள் தாமதமின்றிப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இங்கே செய்யும் எல்லாவற்றுக்கும் காரணம்.

முதலில் மின்சக்தி சேமிப்பு வசதியை அணையுங்கள். ‘கிரீன் ஈதர்நெட்’ அல்லது ‘இ.இ.இ.’ என்று மெனுவில் இருக்கும். போக்குவரத்து குறைந்த நேரத்தில் அது போர்ட்டைத் தூங்க வைக்கிறது, எழும்பும் நேரத்தில் க்ளாக் தள்ளாடுகிறது. சாதாரண ஸ்விட்ச்களில் இதை அணைக்க மெனுவே கிடையாது. மேனேஜ்டு ஸ்விட்ச் கேட்டதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்து ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்கை இயக்குங்கள், கூடவே க்வெரியர் (யாருக்கு எந்த ஒலி வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் வசதி) ஒன்றே ஒன்று இருக்கட்டும். மல்ட்டிகாஸ்ட் ஒலியை, அதாவது ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போகும் ஒலியை, வேண்டியவருக்கு மட்டும் அனுப்ப இது தேவை. ஸ்னூப்பிங்கைப் போட்டுவிட்டு க்வெரியரை மறந்தால், எல்லாம் நன்றாக ஆரம்பித்துச் சில நிமிடங்களில் ஒலி நின்றுவிடும். புதியவர்களை மிகவும் குழப்பும் அறிகுறி இது.

முன்னுரிமை வரிசையில், டான்டே தன் க்ளாக்குக்கு 56 என்ற டி.எஸ்.சி.பி. (பாக்கெட் முன்னுரிமை) குறியையும் ஒலிக்கு 46-ஐயும் போடுகிறது. ஏ.இ.எஸ். 67 கருவிகள் வழக்கமாகக் க்ளாக்குக்கு 46, ஒலிக்கு 34. ஆகவே 56-ஐ மேலேயும் அதற்குக் கீழே 46, 34 என்றும் அடுக்குங்கள்.

நெட்வொர்க்கின் கொள்ளளவைப் பற்றிக் கவலை வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒன்று பாக்கெட் தலைப்புகளோடு சேர்த்து நொடிக்குச் சுமார் 3 மெகாபிட். ஜிகாபிட் ஸ்விட்சுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் அலுவலக இணையமும் சி.சி.டி.வி.யும் ஒலியோடு கலக்க வேண்டாம், தனி வி.லேன் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போடுங்கள்.

6. வெளியிலிருந்து வரும் ஒலிக்கு வாசலிலேயே ஒரு மாற்றம்

உங்கள் க்ளாக்குக்குக் கட்டுப்படாத எதுவும் உள்ளே வரும்போது சாம்பிள் ரேட் கன்வெர்ட்டர் வழியாக வர வேண்டும். 48 என்று போட்டிருந்தாலும் வர வேண்டும், ஏனென்றால் அது வேறு ஒருவரின் 48. இணையம் வழியாக வரும் நேரடி ஒலி, செயற்கைக்கோள் ரிசீவர், சபாவிலிருந்து வரும் டிஜிட்டல் அவுட்புட் எல்லாம் இதில் அடக்கம். பல மிக்ஸர்களின் டிஜிட்டல் இன்புட்டிலேயே கன்வெர்ட்டர் உண்டு. ஆனால் அது அணைக்கப்பட்டிருக்கலாம், இன்புட் வாரியாகத் திறந்து பாருங்கள்.

விதி இவ்வளவுதான்: வாசலில் ஒரு முறை மாற்று, உள்ளே வந்தபிறகு தொடாதே. ஒரு நல்ல கன்வெர்ட்டர் ஒலியைக் கெடுக்காது. ஆனால் 44.1-இலிருந்து 48, அங்கிருந்து விண்டோஸ் 44.1, அங்கிருந்து மறுபடி 48 என்று மூன்று கை மாறினால் ஒவ்வொரு கையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

அனலாக் இணைப்பைக் கேவலமாக நினைக்க வேண்டாம். போன் இணைப்பும் பழைய ரிசீவரும் அனலாக்கில் வந்தால் க்ளாக் பிரச்சினையே இல்லை. ஒரு மூலம் தொல்லை தந்து, நேரமும் இல்லை என்றால், அனலாக்கில் இணைத்துவிட்டு நிகழ்ச்சியை நடத்துங்கள்.

7. பிளேயவுட் கம்ப்யூட்டர்

விண்டோஸ் தன் மிக்ஸர் வழியாகப் போகும் எல்லாவற்றையும், சவுண்ட் அமைப்பில் இருக்கும் ‘டிஃபால்ட் ஃபார்மேட்’ வீதத்துக்குக் கேட்காமலே மாற்றிவிடும். அதை 48-க்கு மாற்றுங்கள். முடிந்தால் பிளேயவுட் மென்பொருளை ஆசியோ (நேரே ஒலிக் கருவியோடு பேசும் டிரைவர்) வழியாக இணைத்து அந்த மிக்ஸரையே தவிர்த்துவிடுங்கள். நோட்டிபிகேஷன் சத்தம் காற்றில் ஏறாமலிருக்கவும் இது உதவும்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இந்த அமைப்பு மாறியிருக்கலாம். அப்டேட் ஆன நாளில் 1000 ஹெர்ட்ஸ் டோனை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

8. பாட்டு நூலகம்

44.1-இல் உள்ள ஃபைல் மாற்றமே இல்லாமல் 48 என்று தவறாக ஓடினால் வேகமும் சுருதியும் சேர்ந்து ஏறும். 5 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். ஒரு கட்டை சுருதியில் பாடியது ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கோ நிற்கும். சினிமாப் பாட்டில் இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் உண்டு. கர்நாடக இசைக் கச்சேரியை இப்படிப் போட்டால் சென்னையில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் போன் வரும்.

டோன் ஃபைலை ஓட்டி ட்யூனர் செயலியில் பாருங்கள். 1000-க்குப் பதில் 1088 காட்டினால் 44.1 ஃபைல் 48-ஆக ஓடுகிறது. 919 காட்டினால் அதற்கு நேர்மாறு.

நூலகத்தை மொத்தமாக 48-க்கு மாற்றுவது நல்லது. சாக்ஸ் (SoX) மென்பொருள் போன்ற நம்பகமான கன்வெர்ட்டரின் உயர்தர அமைப்பில் இரவெல்லாம் ஓடவிடலாம். மூன்று விஷயம் கவனியுங்கள். மூல ஃபைல்களைத் தனியாக வைத்திருங்கள். எம்.பி.3-ஐ மாற்றி மறுபடி எம்.பி.3-ஆகச் சேமிக்காதீர்கள், வேவ் அல்லது ஃப்ளாக்காக வையுங்கள். மாற்றும் முன் 2 அல்லது 3 டெசிபெல் குறையுங்கள். புதிய பாட்டுகள் உச்சிவரை ஏற்றிப் பதிவு செய்யப்பட்டவை. மாற்றும்போது சாம்பிள்களுக்கு நடுவில் இருந்த உச்சங்கள் வெளியே வந்து வெட்டுப்படும். அந்த வெட்டை எந்தப் பிராசஸராலும் திரும்பச் சரிசெய்ய முடியாது.

9. பிராசஸர்: இதற்கு அப்புறம் யாரும் தொடக் கூடாது

இங்கேதான் மெதுவாகப் போக வேண்டும்.

பிராசஸர் கடைசியில் செய்வது உச்சங்களைக் கத்தரிப்பது. மாடுலேஷன் 75 கிலோஹெர்ட்ஸ் எல்லைக்குள் நிற்க, அலையின் தலைகளைத் தட்டையாக்கி அனுப்புகிறது. அந்தத் தட்டைத் தலைகளின் வடிவம் டிரான்ஸ்மிட்டர்வரை அப்படியே போய்ச் சேர்ந்தால்தான் அது செய்த வேலைக்குப் பலன்.

நடுவில் மாற்றம் வந்தால் என்ன ஆகும்? நல்ல பிராசஸர் ஒலியை 15 கிலோஹெர்ட்ஸுக்குள் அடக்கி, சாம்பிள்களுக்கு நடுவே வரும் உச்சங்களையும் பார்த்தே கத்தரிக்கிறது. அதன் 48 அவுட்புட்டை நல்ல கன்வெர்ட்டர் 44.1 ஆக்கினால் சேதம் குறைவு. 32-க்குப் போனால்தான் ஆபத்து. அதன் மேல் எல்லை 16 கிலோஹெர்ட்ஸ். 15-க்கும் 16-க்கும் இடையே செங்குத்தாக இறங்கும் ஃபில்டர் ஓரத்தைக் கடித்து, தட்டைத் தலைகளை மறுபடி எழுப்பிவிடும். பழைய டிஜிட்டல் இணைப்புகள் சிலவற்றில் 32 உண்டு, கையேட்டைப் பாருங்கள். எம்.பி.3 போல அழுத்தும் கோடெக் நடுவில் இருந்தால் இதைவிட மோசம். உச்சங்கள் இஷ்டத்துக்கு எழும், அதற்காக நீங்கள் லெவலைக் குறைக்க வேண்டிவரும், பக்கத்து நிலையத்தைவிட உங்கள் ஒலி சோர்ந்து கேட்கும்.

இன்புட்: நெட்வொர்க் வழியாக 48-இல் எடுங்கள், கருவியின் க்ளாக் நெட்வொர்க்கைப் பின்பற்றட்டும்.

அவுட்புட்: டிரான்ஸ்மிட்டர் காம்போசிட் (ஸ்டீரியோவும் பைலட்டும் ஒன்றாகக் கலந்த சிக்னல்) இன்புட் ஏற்றால் அதையே தாருங்கள். பைலட்டும் ஸ்டீரியோவும் பிராசஸரிலேயே உருவாகி முடிந்துவிடும், நடுவில் யாருக்கும் வேலையில்லை. டிஜிட்டல் காம்போசிட் என்றால் அது 192 கிலோஹெர்ட்ஸில் போகும். ஸ்டீரியோ சிக்னல் 53 வரை நீள்கிறது, ஆர்.டி.எஸ். (ரேடியோ திரையில் தெரியும் எழுத்துத் தகவல்) 57-இல் இருக்கிறது, 192-இன் பாதியான 96-க்குள் இரண்டும் வசதியாக அடங்கும். அதே சிக்னலை 48 இணைப்பு ஒன்றின் வழியாக விட்டால் மோனோ ஒலியும் பைலட்டும் மட்டும் மிஞ்சும், ஸ்டீரியோ போய்விடும். கனெக்டர் ஒன்றுதான் என்பதால் இந்தத் தவறு எளிதாக நடக்கும்.

இடது, வலது ஒலியாகத்தான் அனுப்ப முடியும் என்றால், பிராசஸர் அவுட்புட் வீதத்தையும் டிரான்ஸ்மிட்டர் இன்புட் வீதத்தையும் ஒன்றாக்குங்கள். டிரான்ஸ்மிட்டரில் கன்வெர்ட்டரை அணைக்கும் வசதி இருந்தால் அணைத்து, பிராசஸரின் க்ளாக்கைப் பின்பற்றச் சொல்லுங்கள்.

இதோடு ப்ரீ-எம்ஃபஸிஸையும் (அனுப்பும் முன் மேல் அதிர்வெண்களைத் தூக்கிவிடுவதையும்) பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் 50 மைக்ரோ செகண்ட். 15 கிலோஹெர்ட்ஸில் இது 13 டெசிபெல்லுக்கும் மேல் தூக்குகிறது. பிராசஸரில் போட்டிருந்தால் டிரான்ஸ்மிட்டரில் ‘ஃப்ளாட்’ இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் போட்டு, ‘ச’ எழுத்தெல்லாம் சீறுவதைக் கண்டு சாம்பிள் ரேட்டைச் சந்தேகித்துக் கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டூடியோ ஓரிடம், டிரான்ஸ்மிட்டர் வேறிடம் என்றால் பிராசஸரை டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் வையுங்கள். இணைப்பில் நடக்கும் மாற்றங்கள் எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். போய்வர நேரமாகிறது என்று ஸ்டூடியோவிலேயே வைக்க விரும்புவார்கள்; பெரும்பாலான பிராசஸர்களைப் பிரவுசரிலிருந்தே இயக்கலாம்.

10. சோதனை

முதலில் டோன். 1000 ஹெர்ட்ஸை வழி முழுக்க ஓட்டி, ரேடியோவில் வாங்கி, பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். ஸ்பெக்ட்ரோகிராமில் ஒரே நேர்க்கோடு தெரிய வேண்டும். மேலிருந்து கீழாக மெல்லிய செங்குத்துக் கோடு தெரிந்தால் அது ஒரு சாம்பிள் தவறிய இடம். கோடுகளின் இடைவெளியை அளந்து 2-ஆம் பகுதிக் கணக்கைப் போடுங்கள்.

அடுத்து தம்புரா. ஒலிபரப்பு இல்லாத நேரத்தில் இரவு முழுக்க ஓட்டி, அவுட்புட்டைப் பதிவு செய்து காலையில் பாருங்கள். பத்து நிமிடச் சோதனையில் தப்பிக்கும் மெதுவான ட்ரிஃப்ட் (க்ளாக் விலகல்) ஆறு மணி நேரத்தில் தப்பிக்காது.

கடைசியாக, மின்வெட்டு. இதைச் செய்ய எல்லோருக்கும் தயக்கம், ஆனால் மழைக்காலத்தில் அது தானாகவே நடக்கும், அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். மெயினை அணையுங்கள், ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எல்லாம் எழுந்ததும் லீடர் எண்களை மறுபடி தாளோடு ஒப்பிடுங்கள். சில மிக்ஸர்கள் எழ இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதற்குள் வேறு பெட்டி தலைவராகி, பிறகு பதவி மாறும்போது ஒலி அறும். அப்படி நடந்தால் லீடரையும் ஸ்விட்சையும் முதலில் எழுப்பி, மற்றவற்றுக்கு மின்சாரம் தாமதமாகப் போகும்படி பவர் சீக்வென்ஸர் வையுங்கள்.

அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். லேமினேட் செய்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், தேதியோடு. அடுத்த முறை யாராவது புதிய பெட்டி கொண்டுவரும்போது, செருகும் முன் அதில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.